உன் நரிக்கதையை உன் சித்திக்கு யார் படித்துக் காட்டுவது

சேகர்,

உன் புண்ணியத்தில் எனக்கு டேனரியில் 'நரி மேஸ்திரி' என்று ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. போன வாரம் தோல் வாங்குவதற்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நம் ஷாப்பு நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்காத நல்ல மனுஷன். நான் தரம் பிரித்து வைத்திருந்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிப் பாஸ் பண்ணினார். மேனேஜர் டீ சொல்லப் போய்விட்டார். எதிரே நிற்கிறவரிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று என் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷைத் திரட்டி, "சார், யுவர் கண்ட்ரி, ஃபாக்ஸ் பிகம் லேடி?" என்று கேட்டுவிட்டேன். உங்கள் ஊரில் நரி பொம்பளையாக மாறுமாமே என்பதைத்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த தோலைப் பார்த்தார், மேனேஜர் வந்ததும் அவர் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். இந்த ஷாப்பில் ஆட்டுத்தோலோடு நரித்தோலும் கலக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கட்டி அடுக்கி வைத்த கட்டுகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு தோலாக மறுபடி விரித்து, இது ஆடு, இதுவும் ஆடு என்று சாயங்காலம்வரை சத்தியம் செய்தோம். "இன்னா தோஸ்த், இத்தினி வருசமா ஆடு, இப்பத்தான் நரி ஆரம்பிச்சியா?" என்று ஜப்பார் பாய் கேட்டார். என்னோடு அதே மேஜையில் நிற்கிறவர், சும்மா விடுவாரா? இப்போது நான் டேனரி கேட்டுக்குள் நுழைந்தாலே யாராவது ஒருத்தன் ஊளையிடுகிறான்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் மகனுக்கு நாலு வார்த்தை சொல்வது அப்பனுடைய வேலை என்கிறார்கள். ஆபீஸ் போனில் டிரங்க்கால் போட்டுச் சொல்லலாம் என்றால் கிளார்க் முதல் வாட்ச்மேன்வரை காது கொடுப்பார்கள். அதனால் எழுதுகிறேன். உன் சித்தி, "இன்னாங்க, இவ்ளோ பெரிய லெட்டரு?" என்று கேட்டாள். பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்வது என்று மகனுக்குப் புத்தி சொல்கிறேன் என்றேன். "அத வேற ஆராச்சும் எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது நியாயம்தான். ஆகவே அதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் நாவல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் பிரஸ்ஸில் புரூஃப் திருத்தப் போன பிள்ளை, 'டிராகன்தாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு மாத நாவல் எழுதுகிறான். இதுவரை நாலு வந்திருக்கிறது. நாலையும் படித்தேன். விரும்பிப் படித்தேன் என்று நினைத்துவிடாதே. ரிஜெக்ட் தோலாக இருந்தாலும் முழுசாக விரித்துப் பார்த்துத்தான் தள்ள வேண்டும், எங்கள் வேலை அப்படி.

நீ செய்வது என்ன என்று எனக்கு முதல் புத்தகத்திலேயே தெரிந்துபோயிற்று. வெள்ளைக்காரன் தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன பழைய கதைகள், உன் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்தவை. அரண்மனையில் செருப்பைத் தொலைத்த பெண், விஷப் பழம் தின்று கண்ணாடிப் பெட்டியில் படுத்தவள், நூறு வருஷம் தூங்கினவள். அவர்களுக்குக் கண்ணை இடுக்கி, பட்டு அங்கி மாட்டி, பின்னால் ஒரு மூங்கில் காட்டை நட்டு, மேலே ஒரு டிராகனைப் பறக்கவிட்டுப் புதுக் கதை என்கிறாய். எங்கள் டேனரியில் இதற்கு மிஷினே இருக்கிறது. உண்ணி கடித்த தோல், முள் கிழித்த தோல், கத்தி பட்ட தோல், எதற்கும் ஆகாத தோல் என்று ஒதுக்கினதையெல்லாம் தேய்த்து, கெட்டியாக வர்ணம் பூசி, சூடான பிளேட்டுக்கு அடியில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக விழும். பார்க்கிறவன் முதலை என்பான். கையில் மடக்கிப் பார்த்தால் ஆடு. உன் நாவலை நான் மடக்கிப் பார்த்தேன்.

அதுவும் எந்த ஊர் முதலை என்றாவது தெரிய வேண்டாமா? ஒரு அத்தியாயத்தில் சீனா என்கிறாய், அடுத்ததில் ஜப்பான் ராஜா வருகிறார், கல்யாணம் கொரியாவில் நடக்கிறது. நடுவில் கடல் இருப்பதாக யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லாரும் நாள் முழுக்கக் குனிந்து கும்பிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். ஒருத்தரும் டம்ளர் கழுவுவதில்லை. சந்திரனில் முயல் இருப்பதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நம் ஊர் சந்திரனிலும் முயல்தான் இருக்கிறது, அதைக் கொரியாவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. செருப்பு விஷயத்தை ஷூ செக்‌ஷனுக்குக் கொண்டுபோனேன். தங்கச் செருப்பு, நாடு முழுக்க ஒருத்தி காலுக்குத்தான் சேரும் என்று சொன்னேன். கூட வந்த ஜப்பார் பாய் யோசித்துப் பார்த்து, "ஊருல ஒருத்தி காலுக்குத்தான் சேரும்னா, அத செஞ்சவன மொதல்ல வேலைய உட்டுத் தூக்கணும்" என்றார். நூறு வருஷம் தூங்கினவளை நீ பட்டுக்கூட்டுக்குள் தூங்கவைத்தாய் அல்லவா, அதைக் குடியாத்தத்தில் உன் மாமனாரிடம் சொன்னேன். தறிக்காரர், நூல் விஷயம் தெரிந்தவர். "கூட்டோட இருந்தா வெந்நீர்ல போட்டு வேக வெச்சிருப்பாங்களே சம்பந்தி" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

நீ பார்த்த சீனா எது என்று எனக்குத் தெரியும். டீக்கடை ரேடியோவில் சாயங்காலம் சீனாக்காரர்கள் தமிழில் பேசுவதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். அதற்கும் முன்னால் வேலூரில் பல் பிடுங்க ஒரு சீனாக்கார வைத்தியர் இருந்தார். பின்பல் வீங்கி, நீ மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாய். எனக்கு ஷிஃப்டு, உன்னை உன் சித்திதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பற்றி நீ திரும்பி வந்ததும் மூச்சுவிடாமல் சொன்னாய். பனி மூடின மலை, மலைமேல் ஒரு பெண், பெண்ணின் காலடியில் ஒரு நரி. மூன்றாவது நாவலில் அந்தக் காலண்டர் வந்துவிட்டது. நரிதான் சித்தி, மனுஷி வேஷம் போட்டு வீட்டுக்குள் வந்தவள். அவள் கதாநாயகிப் பெண்ணின் தலையைத் தொடை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பூதம் ஒன்று குறடு வைத்துப் பல்லைப் பிடுங்குகிறது. பெண் கதறுகிறாள், நரி சிரிக்கிறது. சேகர், அவள் தலையைப் பிடித்தது நிஜம். பிடிக்காவிட்டால் வைத்தியர் எந்தப் பல்லைப் பிடுங்கியிருப்பாரோ. நீ கடித்த கடியில் அவள் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, அதை ஏன் எழுதவில்லை? நாவலில் கடிக்கிறவள் எல்லாம் நரி மட்டும்தானா?

இன்னொரு இடத்தில் நரி, சாம்பலில் எள்ளைக் கொட்டி அந்தப் பெண்ணைப் பொறுக்கச் சொல்கிறது. விடியும்வரை பொறுக்குகிறாள், விரலெல்லாம் ரத்தம். நீ எதைப் பார்த்து எழுதினாய் என்று தெரியாமலா இருக்கிறேன்? ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினதுதானே. அந்த வருஷங்களில் நானும்தான் முறத்துக்கு எதிரே உட்கார்ந்தேன், எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரும் உட்கார்ந்தார். அரிசி வாங்கினவன் எல்லாம் நரிக்கு அடிமை என்றால், இந்த ஜில்லாவே உன் நாவலில் வந்திருக்க வேண்டும். அப்பனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் நாவல்களில் அவன் முதல் அத்தியாயத்திலேயே வியாபாரத்துக்குக் கப்பல் ஏறிவிடுகிறான், ஒன்றில் கடலிலேயே செத்தும் போனான். ஷிஃப்டுக்குப் போகிறவனுக்குக் கதையில் அவ்வளவுதான் இடம், எனக்கு அதில் வருத்தமில்லை. கப்பலாவது கொடுத்தாயே, எனக்கு சைக்கிள்தான்.

இனிமேல்தான் விஷயம். உன் சித்தி எழுத்துக்கூட்டி பஸ் போர்டு படிப்பாள், அதோடு சரி. அணைக்கட்டுப் பக்கம் நிலக்கடலைக் காட்டில் வளர்ந்தவளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்? முதல் நாவல் வந்த அன்று அட்டையில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "புள்ள எழுதினத படிங்க, கேக்கலாம்" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் பிடிக்க வந்த தெருப் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் சத்தமாக ஆரம்பித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் சித்தி வந்தாள். அடுத்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு இருமல் இருமி, வாயால் வேறு சொன்னேன். "அவளுடைய சித்தி பொறுமைசாலி, ஆனால் ஊர்க் கணக்குப்பிள்ளை கொடுமைக்காரன்" என்று வந்துவிட்டது. சீனாவில் கணக்குப்பிள்ளை உண்டா என்று கேட்காதே, உன் சீனாவில் எது வேண்டுமானாலும் உண்டென்றால் என்னுடையதிலும் உண்டு. எங்கள் பழைய டைம்கீப்பருடைய மீசையை எடுத்து அவனுக்கு ஒட்டினேன். சித்தி செய்ததையெல்லாம் அவன் தலையில் போட்டேன். இரண்டாவது நாவலின் கடைசியில் ஆத்திரத்தில் அவனை டிராகனுக்குத் தின்னக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது நாவலில் மறுபடி தேவைப்பட்டான், அதே மீசையோடு தம்பி ஒருத்தனை உண்டாக்க வேண்டியதாயிற்று, எள்ளைக் கொட்டினவனும் பல்லைப் பிடுங்கினவனும் அந்தத் தம்பிதான். "அந்தக் குடும்பமே அப்பிடித்தான்க்கா" என்று தெருப் பெண்கள் திட்டுகிறார்கள். உன் நாவலை விட என் நாவல் இந்தத் தெருவில் நன்றாக ஓடுகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, இரண்டும் குப்பைதான்.

நிச்சயதார்த்தத்தன்று குடியாத்தத்தில் தறியை நிறுத்திவிட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்களே, அன்று எனக்கு உயிர் போய் வந்தது. உனக்கு எதுவும் தெரியாது, நீ மைத்துனன்களோடு வாசலில் நின்றாய். உன் சித்தி, கல்யாணப் பெண் வசந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீயும் அல்லாத்தையும் படிச்சிருக்கியாமே. அந்தக் கணக்குப்புள்ளய நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டாள்.

"எந்தக் கணக்குப்புள்ள அத்தை?"

"மீசக்காரன்மா. அந்தப் பொண்ண சாம்பல்ல எள்ளு பொறுக்க உட்டானே, பாவி."

"அது கணக்குப்புள்ள இல்ல அத்தை, அவளோட சித்..."

என் கையிலிருந்த காபி டம்ளர் சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. எல்லாரும் எழுந்தார்கள், துண்டு தேடினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல உடுங்க, நம்ம வூட்ல லுங்கிக்கா பஞ்சம்?" என்று உள்ளே போய்க் கட்டம் போட்ட லுங்கியோடு திரும்பி வந்து தாம்பூலம் மாற்றினார். இந்த வட்டாரத்தில் லுங்கியோடு நிச்சயம் பண்ணின சம்பந்தி அவர் ஒருவராகத்தான் இருப்பார். வசந்தி நல்ல பெண். நான் ஏதோ தடுமாறுகிறேன் என்று மட்டும் புரிந்துகொண்டு, "மாமாவுக்குக் கண்ணு செரமமா இருக்கும். கல்யாணம் ஆனதும் நான் படிச்சிக் காட்டுறேன் அத்தை, மொதல்லேர்ந்து" என்றாள்.

"ஒரு வரி உடாம படிக்கணும்மா" என்றாள் உன் சித்தி. "இவரு இருமுறதுக்கே பாதி கத பூடுது."

இப்போது புரிகிறதா? தை மாதம் அந்தப் பெண் வீட்டுக்கு வருவாள், நல்ல மனசோடு உட்கார்ந்து, கணீரென்ற குரலில், ஒரு வரி விடாமல் படிப்பாள். தெருப் பெண்களும் இருப்பார்கள். முதல் நாவலில் ஆரம்பித்தால் மூன்றாவதில் பல் வந்துவிடும். தன் விரல் தழும்பைத் தடவிக்கொண்டு உன் சித்தி அதைக் கேட்பாள். எனக்கு நீ ஒருத்தன்தான் பிள்ளை. அவளுக்கும் நீ ஒருத்தன்தான்.

அன்றைக்குத் திரும்பும்போது பள்ளிகொண்டாவில் நீ மெட்ராஸ் பஸ்ஸுக்கு நின்றாய். அவள் பூ வாங்கப் போயிருந்தாள். அடுத்த நாவல் தையில் வருகிறது, கிளைமாக்ஸில் நரிக்குப் பழுக்கக் காய்ச்சின இரும்புச் செருப்பை மாட்டிச் சாகிறவரை ஆடவிடப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய்.

"அந்த நரி சாவணுமாடா?" என்றேன்.

"பழைய கதைல அப்டித்தான் இருக்கு நைனா."

"பழைய கதைல நரியே கெடையாதே. நரிய நீதான சேத்த?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாய். நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேனா, அது வெறும் கதைதானா, அவளை நினைத்து எழுதவில்லையா என்றெல்லாம் வழி முழுக்க யோசித்தேன். நினைத்து எழுதினாயா நினைக்காமல் எழுதினாயா என்பதல்ல விஷயம். அந்தக் காலண்டரும் அந்தக் குறடும் உன் வீட்டுச் சாமான். வெள்ளைக்காரனும் சீனாக்காரனும் அதைத் தரவில்லை. தூர தேசத்து அச்சு போட்டால் அடியில் இருக்கிற தோல் யாருடையது என்று தெரியாது என்று நினைக்கிறாய். வாங்க வருகிறவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தத் தோலுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாதா?

கிளைமாக்ஸை மாற்று என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் ஒரு கொடுங்கோல் கிழவன் சொன்னதாக ஆறாவது நாவலில் சேர்ப்பாய். எழுதுவதை நிறுத்து என்றும் சொல்லமாட்டேன். ஊரில் எத்தனையோ கெட்ட பழக்கம் இருக்கிறது, இது கையை மட்டும்தான் கெடுக்கும். ஒன்றுதான் கேட்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வா. பந்தல்கால் நடுவதற்கு ஆள் இருக்கிறது, அதற்காக இல்லை. ஒரு சாயங்காலம் உன் சித்திக்கு எதிரே உட்கார்ந்து, நீ எழுதினதை நீயே படித்துக் காட்டு. அச்சில் இருக்கிறபடி படிப்பாயோ, நான் படித்த மாதிரி படிப்பாயோ, உன் இஷ்டம். கணக்குப்பிள்ளையை வேண்டுமானாலும் வைத்துக்கொள், சும்மா தருகிறேன். புதிதாக வரும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு நான் சொல்கிற புத்தியும் இதுதான். பெண்டாட்டியைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் எது சொன்னாலும், அதை முதலில் அவளிடம் சொல்லிப் பார். சொல்ல முடிகிறதா என்று அப்போது தெரியும்.

சீக்கிரம் வா. ஏனென்றால் அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்கிற தைரியம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, சில எடத்துல நீங்க தாளத் திருப்பாமலே கத ரொம்ப தூரம் போவுதே?" என்றாள். சின்ன எழுத்து, ஜாஸ்தி விஷயம் அடங்கும் என்றேன். "ஓஹோ" என்று மறுபடி கீரையைப் பார்த்தாள்.

இவ்வளவு திட்டினேன், ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் தரம் பிரிக்கிறவன் இல்லை. நாலாவது நாவலின் நடுவில் ஒரு இடம். நான் வழக்கம்போல முன்னால் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தேன், அங்கே நின்றுவிட்டேன். கணக்குப்பிள்ளை எவனும் வாயில் வரவில்லை. "இன்னாங்க, நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லித் தாளைத் திருப்பிவிட்டேன். உனக்கு டைபாய்டு வந்த வருஷம், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்ததில் அவள் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதற்குப் பிறகு வேறு உண்டாகவும் இல்லை. நீ சின்னப் பையன், உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாலு புத்தகத்திலும் நான் மாற்றாமல் விட்டது அந்த இடம் ஒன்றுதான். அவளுக்குப் படித்துக் காட்டாமல் விட்டதும் அதுதான்:

"அந்தப் பெண் ஜுரத்தில் நடுங்கியபோது, நரி தன் ஒன்பது வால்களில் ஒன்றை அறுத்து அவளுக்குப் போர்த்தியது. காலையில் எட்டு வாலோடு எழுந்து அடுப்பு மூட்டியது. மற்றது எங்கே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை."